ஷட்டவுன் முடிந்தது: 43 நாளில் யாருக்கு என்ன கிடைத்தது?

டல்லாஸ்_புதுசு | 2025 நவம்பர் 13, காலை 8:10

நேற்று ராத்திரி அமெரிக்க அரசுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவில் டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். பணம் ஒதுக்காததால் அக்டோபர் 1-ல் பூட்டிய அரசுக் கடையை நவம்பர் 12-ல் திறந்திருக்கிறார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, அதனால் கேட்கிறேன், சிரிக்காதீர்கள். அதிபர் குடியரசுக் கட்சி. செனட், பிரதிநிதிகள் சபை இரண்டிலும் அவர்களுக்குத்தான் பெரும்பான்மை. ஜூலையில் அவ்வளவு பெரிய வரி மசோதாவை ஜனநாயகக் கட்சியின் ஒரு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேற்றினார்கள். அப்படியிருக்க, சம்பளப் பணத்தை ஒதுக்க மட்டும் ஏன் முடியவில்லை?

எனக்கு இதில் சொந்தக் கதையும் உண்டு. புது கம்பெனியில் ஆஃபர் வந்து ஹெச்1பி வேலை விசாவை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முதலில் வேண்டிய எல்சிஏ விண்ணப்பம் போடும் லேபர் டிபார்ட்மென்ட் தளமே மூடியிருக்கிறது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அக்டோபர் முழுக்க நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா_ஒருத்தன் | காலை 8:31

ரெண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள். இதற்கு ஒரு இழை வேறு.

பழையசோறு | காலை 9:47

புதுசு தம்பி, சரியான கேள்விதான். இங்கே இருபது வருஷம் இருந்தும் பலருக்கு இது பிடிபடாது.

செனட்டில் 100 பேர். குடியரசுக் கட்சிக்கு 53. மசோதாவை நிறைவேற்ற 51 போதும். ஆனால் அதன் மேல் நடக்கும் விவாதத்தை முடித்து ஓட்டுக்கு விடவே 60 வேண்டும். ஃபிலிபஸ்டர் என்பது இதைத்தான். சினிமாவில் காட்டுவது போல விடிய விடிய நின்று பேச வேண்டியதுகூட இல்லை. 'எங்களிடம் 41 பேர் இருக்கிறோம்' என்றாலே வேலை நின்றுவிடும். 1917-ல் விவாதத்தை முடிக்க ஒரு விதி கொண்டுவந்தார்கள், அப்போது மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 1975-ல் அதை 60 ஆக்கினார்கள். அரசியல் சாசனத்தில் இந்த 60 எங்கேயும் இல்லை. செனட் தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி.

ஜூலையில் போனது ரிகன்சிலியேஷன் என்ற தனிப் பாதை. வரி, செலவு சம்பந்தப்பட்ட சில விஷயங்களுக்கு மட்டும் 51 போதும் என்கிற குறுக்குவழி. அதில்கூட செனட்டில் 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸ் ஓட்டுப் போட்டுத்தான் தேறியது. துறைகளை வருஷா வருஷம் நடத்தும் பணத்தை அந்த வழியாகக் கொண்டுபோவதில்லை. 12 மசோதாக்கள், ஒவ்வொன்றுக்கும் 60. செப்டம்பர் 30-க்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றையும் நேரத்துக்கு முடித்த கடைசி வருஷம் 1996 என்றால் நம்புவீர்களா? அதற்குப் பிறகு எல்லாம் 'போன வருஷத்து அளவிலேயே இன்னும் சில வாரம் ஓட்டுங்கள்' என்கிற இடைக்கால மசோதாதான்.

சரி, மசோதா தேறவில்லை என்றால் அரசு ஏன் மூடவேண்டும்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1980 வரை மூடியதே இல்லை. 1970-களில் பலமுறை பணம் ஒதுக்கத் தாமதமானது. ஆபீஸ்கள் செலவைக் குறைத்துக்கொண்டு வழக்கம்போல நடந்தன. எப்படியும் ஒதுக்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கை. 1980-ல் கார்ட்டருடைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி பழைய சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். ஒதுக்காத பணத்தைச் செலவழிக்க ஒப்புக்கொள்ளக் கூடாது, அரசு ஊழியரிடம் இலவச வேலை வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். அதை அப்படியே படித்து, 'பணம் இல்லையா, கடையை மூடு' என்று கருத்து எழுதினார். 1981-ல் இன்னொரு கருத்து: உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து என்றால் மட்டும் வேலை செய்யலாம். விமான நிலையத்தில் சம்பளமில்லாமல் ஆள் நிற்பதும், பக்கத்துக் கட்டடத்தில் பூட்டுத் தொங்குவதும் அங்கிருந்து வந்தவை.

இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஷட்டவுன். நாட்டை நிறுவியவர்கள் வகுத்தது என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள்.

வரிகட்டி | காலை 10:20

சோறு அண்ணே, விதியெல்லாம் சரி. யார் மூடினார்கள் என்பதைச் சொல்லாமல் நழுவுகிறீர்கள். பிரதிநிதிகள் சபை செப்டம்பர் 19-ம் தேதியே மசோதா அனுப்பிவிட்டது. பழைய அளவிலேயே நவம்பர் 21 வரை ஓட்டலாம் என்று. பைடன் காலத்தில், செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவரான ஷூமரின் கட்சிக்காரர்களே 'சுத்தமான இடைக்கால மசோதா' என்று சொல்லிச் சொல்லி ஓட்டுப் போட்ட அதே வகை. செனட்டில் 14 தடவை அது தோற்றது. 14 தடவை! ஒபாமாகேர் மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டிக்காவிட்டால் ஓட்டு இல்லை என்று பிடிவாதம் பிடித்தார்கள்.

அந்தக் கூடுதல் மானியம் 2021-ல் கொரோனாவுக்காகப் போட்டது. 2022-ல் இன்னும் நீட்டி, 2025 முடிவில் முடியும் என்று தேதி குறித்ததும் அவர்கள்தான். அதை நிரந்தரமாக்கினால் பத்து வருஷத்துக்கு சுமார் 350 பில்லியன் டாலர் என்கிறது காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம். பணம் நேரே போவது இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. இதை வாதாடி ஜெயிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காக ஏர்போர்ட்டில் நிற்கிறவன் சம்பளத்தைப் பிடித்து வைப்பது எந்த ஊர் நியாயம்?

2013-ல் குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் இதையே செய்தபோது 'பணயக்கைதி அரசியல்' என்று கத்தியவர்கள் யார்?

அட்லாண்டா_நாச்சியார் | காலை 11:05

வரிகட்டி சார், 2013-ஐப் பற்றிய குத்து நியாயமானது, வாங்கிக்கொள்கிறேன். மானியத்தைப் பற்றி மட்டும் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

நானும் கணவரும் சொந்தத் தொழில். எனக்கு 58, அவருக்கு 61. 65 வயதில் வரும் அரசுக் காப்பீடான மெடிகேருக்கு இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. கம்பெனி காப்பீடு கிடையாது, ஒபாமாகேர் சந்தையில்தான் வாங்குகிறோம். வருமானம் சுமார் 86,000. இந்த வருஷத்து விதிப்படி நடுத்தரத் திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் கேட்க மாட்டார்கள், அதாவது மாதம் 600 சொச்சம். கூடுதல் மானியம் போனால் பழைய விதி திரும்பிவிடும். வறுமைக்கோட்டைப் போல நான்கு மடங்கைத் தாண்டினால் ஒரு பைசா கிடையாது. இரண்டு பேர் குடும்பத்துக்கு அந்தக் கோடு 84,600. நாங்கள் 1,400 டாலர் தாண்டி நிற்கிறோம். படி இறங்குவது போல இல்லை, மொட்டை மாடியிலிருந்து விழுவது போல. அடுத்த வருஷத்துக்கான கடிதம் வந்தது. மூன்று மடங்குக்கு மேல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எண் மாறவில்லை.

எங்களைப் போன்றவர்கள் மட்டுமில்லை. மானியம் வாங்குகிறவர்கள் கட்டும் தொகை வருஷத்துக்குச் சராசரியாக 888 டாலரிலிருந்து 1,904 ஆகும் என்று கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு கணக்குப் போட்டிருக்கிறது.

'சட்டவிரோதமாக வந்தவர்களுக்கு இலவச வைத்தியம்' என்று 43 நாளும் குடியரசுக் கட்சிக்காரர்கள் பேசினார்களே, ஆவணமில்லாதவர்களுக்கு இந்த மானியம் எப்போதுமே கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

வரிகட்டி | காலை 11:18

நாச்சியார் மேடம், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்த எண் ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லையே. மானியம் என்பது விலையை மறைக்கும் திரை. திரையை விலக்கினதும் விலை தெரிகிறது.

அட்லாண்டா_நாச்சியார் | காலை 11:24

திரையை விலக்குகிறவர் எங்கள் வீட்டில் வந்து விலக்கட்டும், காப்பி போட்டுத் தருகிறேன்.

பொடோமாக்கரை | மதியம் 12:40

மேரிலாந்திலிருந்து எழுதுகிறேன். என் கணவர் மத்திய அரசு ஊழியர், ஃபர்லோவில், அதாவது சம்பளமில்லாத கட்டாய விடுப்பில் இருந்தார். நான் இன்னொரு அலுவலகத்தில் ஒப்பந்தக்காரர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே பலருக்குத் தெரியாது.

அவருக்கு வேலை செய்யத் தடை. ஆபீஸ் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மெயில் பார்க்கக்கூடக் கூடாது, அது 'இலவச வேலை' ஆகிவிடும். பழையசோறு சார் சொன்ன சட்டம் எங்கள் வீட்டு அலமாரி வரைக்கும் வந்தது. அக்டோபர் கடைசியில் வந்த சம்பளச் சீட்டில் வேலை நேரம் எல்லாம் வரிசையாக இருக்க, கீழே 0.00. அந்தக் காகிதத்தை எதற்கு அனுப்பினார்கள் என்று இன்றுவரை புரியவில்லை.

ஆனால் அவருக்கு அந்தப் பணம் வந்துவிடும். 2019-ல் அதற்கென்றே சட்டம் போட்டார்கள். அக்டோபரில் அந்தச் சட்டம் தானாகச் செல்லாது என்று வெள்ளை மாளிகைத் தரப்பில் ஒரு குறிப்பு சுற்றியபோது இரண்டு ராத்திரி தூக்கமில்லை. நேற்றைய மசோதாவில் நிலுவைச் சம்பளம் உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். ஷட்டவுன் நடுவில் அனுப்பிய ஆட்குறைப்பு நோட்டீஸ்களையும் ரத்து செய்திருக்கிறார்கள்.

எனக்கு? ஒன்றும் கிடையாது. ஒப்பந்தக்காரர்கள் அந்தச் சட்டத்தில் இல்லை. இருந்த லீவையெல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே கரைத்தேன். எங்கள் கட்டடத்தில் கேண்டீன் நடத்துபவர், துப்புரவு செய்பவர், வாசல் காவலர், இவர்களுக்கும் அப்படித்தான். காவலர் 2018-லும் இதே வாசலில் நின்றவர். முதல் நாளே, 'போன தடவை காரை விற்றேன், இந்த தடவை விற்கக் கார் இல்லை' என்றார்.

யார் மூடினார்கள் என்று நீங்கள் இருவரும் பேசுங்கள். நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சும்மா_ஒருத்தன் | மதியம் 12:52

மேலே நான் எழுதியது கொஞ்சம் அலட்சியமாகப் போய்விட்டது. மன்னிக்கணும் மேடம்.

பழையசோறு | மதியம் 2:15

பொடோமாக்கரை அம்மா எழுதியதற்குப் பிறகு கட்சிக் கணக்குப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வரிகட்டி கேட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஜனநாயகக் கட்சி கோரிக்கை வைத்து ஓட்டை நிறுத்தியது, உண்மை. ஆனால் இந்த வருஷம் ஒரு புதுச் சிக்கல் இருந்தது. ஜூலையில், இரு கட்சியும் ஓட்டுப் போட்டு ஒதுக்கிய பணத்தில் சுமார் 9 பில்லியனை, வெளிநாட்டு உதவிக்கும் பொது ஒலிபரப்புக்கும் போக வேண்டியதை, 51 ஓட்டிலேயே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் இன்னும் 4.9 பில்லியனை காங்கிரஸ் ஓட்டே இல்லாமல் வெள்ளை மாளிகை முடக்கியது. 60 பேர் சேர்ந்து போடும் ஒப்பந்தத்தை மறுநாள் 51 பேர் கிழிக்கலாம் என்றால் 60 எதற்கு? இதை குடியரசுக் கட்சியிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். மானியம் வாசலில் மாட்டிய பலகை. உள்ளே நடந்த சண்டை பணப்பெட்டிச் சாவி யாரிடம் என்பதற்கு.

இன்னொன்று, மார்ச்சில் இதே நிலை வந்தபோது ஷூமர் இறங்கிவந்து ஓட்டுப் போட்டார். சொந்தக் கட்சிக்காரர்கள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அக்டோபரில் அவருக்கு இறங்க இடமில்லை.

டிரம்ப் நடுவில் ஒரு யோசனை சொன்னார்: ஃபிலிபஸ்டரையே ஒழித்துவிடுங்கள் என்று. செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் தூன் மசியவில்லை. நாளை எதிர்க்கட்சி ஆனால் அதே 60 தங்களுக்கு வேண்டும் என்பது அவர் கணக்கு. 2013-ல் ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் நீதிபதி, அதிகாரி நியமனங்களுக்கு 60-ஐ எடுத்தார். 2017-ல் குடியரசுக் கட்சியின் மெக்கானல் அதே வாசல் வழியாக உச்ச நீதிமன்றத்துக்கும் எடுத்தார். அந்தப் பாடம் இரண்டு கட்சிக்கும் மறக்கவில்லை.

டல்லாஸ்_புதுசு | மதியம் 2:40

அப்படியானால் எப்படித்தான் முடிந்தது? ஜனநாயகக் கட்சி அணியில் எட்டுப் பேர் மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார்களே, ஏன் மாறினார்கள்?

பழையசோறு | மதியம் 3:02

எட்டில் மூன்று பேர், ஃபெட்டர்மன், கார்டெஸ் மாஸ்டோ, சுயேச்சையான ஆங்கஸ் கிங், முதல் நாளிலிருந்தே ஓட்டுப் போட்டு வந்தவர்கள். குடியரசுக் கட்சியில் ராண்ட் பால் எதிர்த்தார், ஆக 55. இன்னும் ஐந்து வேண்டியிருந்தது. ஞாயிறு ராத்திரி ஷஹீன், ஹாசன், டர்பின், கெய்ன், ரோசன் வந்து சேர்ந்தார்கள். சரியாக 60.

இந்த எட்டுப் பேரில் ஒருவருக்குக்கூட 2026-ல் தேர்தல் கிடையாது. ஷஹீனும் டர்பினும் ஓய்வு பெறுகிறார்கள். மற்றவர்களுக்கு 2028 அல்லது 2030. தற்செயல் என்று சொல்பவர் சொல்லட்டும்.

கையில் கிடைத்தது: டிசம்பரில் மானியத்தின் மேல் செனட்டில் ஒரு ஓட்டெடுப்பு நடத்துவோம் என்ற வாக்குறுதி. ஓட்டெடுப்புதான், தேறும் என்று இல்லை. பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஜான்சன் அதுகூடத் தரவில்லை. 222-209-ல் மசோதா போனது. ஜனவரி 30 வரைதான் பணம். விவசாயம், முன்னாள் படைவீரர் நலம், காங்கிரஸ் இவற்றுக்கு மட்டும் முழு வருஷம்.

மசோதாவுக்குள்ளே இன்னொரு வேடிக்கை: தன் தொலைபேசிப் பதிவுகளை விசாரணையில் தனக்குத் தெரியாமல் எடுத்திருந்தால் ஒரு செனட்டர் அரசின் மேல் வழக்குப் போட்டுக் குறைந்தது 5 லட்சம் டாலர் கேட்கலாம் என்று ஒரு பிரிவு. காவலருக்கு ஒன்றும் இல்லை, இவர்களுக்கு ஐந்து லட்சம்.

வரிகட்டி | மாலை 4:11

அந்தப் பிரிவு அசிங்கம், ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஆட்களே பலர் திட்டுகிறார்கள்.

ஆனால் நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்: 43 நாள், மானியம் வரவில்லை. செப்டம்பரில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதே நிலைதானே? 4 கோடியே 20 லட்சம் பேருக்கு நவம்பர் உணவு உதவி தள்ளாடியது, 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள். எல்லாம் ஒரு ஓட்டெடுப்பு வாக்குறுதிக்கா?

அட்லாண்டா_நாச்சியார் | மாலை 4:30

உணவு உதவியைத் தள்ளாட வைத்தது யார்? அவசரக் கையிருப்பு இருந்தது. கீழ் நீதிமன்றம் கொடு என்றபோது டிரம்ப் நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போய் நிறுத்தி வைத்தது. படைவீரர் சம்பளத்துக்கு மட்டும் வேறு கணக்கிலிருந்து பணம் கிடைத்ததே, எப்படி? மனசிருந்தால் மார்க்கம் இருந்தது.

மற்றபடி, எட்டுப் பேர் மேல் எனக்கும் கோபம்தான். நவம்பர் 4-ல் வர்ஜீனியாவிலும் நியூஜெர்சியிலும் தேர்தலில் ஜெயித்துவிட்டு 9-ம் தேதி கையைத் தூக்கினார்கள். ஜெயிக்கிற ஆட்டத்தில் எழுந்துபோனது போல.

நெறியாளர் | மாலை 5:00

இதுவரை நன்றாகப் போகிறது. ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். ஒருவருடைய விசா நிலையைச் சொல்லிக் கிண்டல் செய்வது இங்கே வேண்டாம்.

பழையசோறு | மாலை 6:25

ஷட்டவுன் போட்டவன் கேட்டதை வாங்கியதாக எனக்கு நினைவில்லை. 1995-ல் பிரதிநிதிகள் சபைத் தலைவராக இருந்த குடியரசுக் கட்சியின் கிங்ரிச் முதலில் 5 நாள், பிறகு 21 நாள் மூடினார். இஸ்ரேல் பிரதமர் ரபீன் இறுதிச் சடங்குக்குப் போய்வந்த விமானத்தில் அதிபர் கிளின்டன் தன்னோடு பேசவில்லை, பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார்கள் என்று கிங்ரிச்சே நிருபர்களிடம் குறைப்பட்டுக்கொண்டார். நியூயார்க் பத்திரிகை ஒன்று அவரை அழும் குழந்தையாக அட்டையில் போட்டது. கிளின்டன் மறுபடி ஜெயித்தார். 2013-ல் ஒபாமாகேரை நிறுத்தக் குடியரசுக் கட்சியினர் 16 நாள் மூடினார்கள். அதே அக்டோபர் 1-ல் ஒபாமாகேர் சந்தை திறந்தது! அதன் பணம் வருடாந்தர ஒதுக்கீட்டை நம்பி இல்லை. 2018-19-ல் டிரம்ப் மெக்சிகோ எல்லைச் சுவருக்கு 5.7 பில்லியன் கேட்டு 35 நாள் மூடினார். நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் ஆள் இல்லாமல் விமானங்கள் நின்ற அன்றே திறந்தார். பிறகு கிடைத்தது 1.375 பில்லியன்.

அப்படியும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? தண்டனை இல்லை. 2013-ல் மூடிய கட்சி 2014-ல் செனட்டையே பிடித்தது. காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஷட்டவுனிலும் சம்பளம் நிற்காது.

தீர்வு இல்லாமலும் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் பட்ஜெட் தாமதமானால் போன வருஷத்து அளவு தானாகத் தொடரும். இதே மாதிரி மசோதாக்கள் காங்கிரஸில் எத்தனையோ முறை வந்து படுத்துவிட்டன. தானாகத் தொடர்ந்தால் பேரம் பேசக் கத்தி இருக்காதே. ஆஸ்திரேலியாவில் சரியாக ஐம்பது வருஷத்துக்கு முன், 1975 நவம்பர் 11-ல், செனட் பணத்தை மறித்தபோது பிரதமரையே நீக்கித் தேர்தலுக்குப் போனார்கள். இங்கே பிரதமரும் இல்லை, நடுவில் கலைக்க வழியும் இல்லை.

டல்லாஸ்_புதுசு | மாலை 7:10

நன்றி சார். என் எல்சிஏ அக்டோபர் 31-ல் தளம் திரும்பியதும் போட்டுவிட்டார்கள். 2018-ல் இந்தப் பிரச்சினையே இல்லை என்று வக்கீல் சொன்னாரே, அது எப்படி?

பழையசோறு | மாலை 7:22

அப்போது லேபர் டிபார்ட்மென்டுக்கான மசோதா முன்னாடியே தேறியிருந்தது. முழு வருஷப் பணம் வாங்கிய துறைகள் திறந்திருக்கும், மற்றவை மூடும். 2013-ல் உங்கள் நிலைதான். விசா மனுக்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் கட்டணத்தில் ஓடுவது, அதனால் பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

நாச்சியார் அம்மா சொன்ன காப்பீடு பற்றி இன்னொன்று. ஜூலை சட்டப்படி 2027 முதல் பச்சை அட்டைக்காரர்கள், இன்னும் ஓரிரு பிரிவினர் தவிர, ஹெச்1பி போன்ற விசாக்காரர்களுக்கு அந்த மானியம் சுத்தமாகக் கிடையாது. கம்பெனி காப்பீடு இருக்கும்வரை கவலை இல்லை. வேலை போன மாதம்தான் தெரியும்.

வரிகட்டி | மாலை 7:40

பொடோமாக்கரை மேடம், உங்கள் ஒப்பந்த வேலை எப்போது தொடங்குகிறது?

பொடோமாக்கரை | இரவு 8:55

திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்று காலை போனார். அலமாரியிலிருந்து லேப்டாப்பை எடுத்து ஆன் செய்தால் பாஸ்வேர்டு காலாவதி. மாற்றித் தரும் ஹெல்ப்டெஸ்க்கில் 200 பேர் வரிசையாம்.

டல்லாஸ்_புதுசு | இரவு 9:03

கடைசிக் கேள்வி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், திரும்பும் டிக்கெட் ஜனவரி 31. மாற்றவா?

பழையசோறு | இரவு 9:10

பணம் முடிவது ஜனவரி 30, வெள்ளிக்கிழமை ராத்திரி. நானாக இருந்தால் 28-க்கு மாற்றுவேன்.

வரிகட்டி | இரவு 9:12

இதில் மட்டும் சோறு அண்ணன் சொல்வதைக் கேளுங்கள் தம்பி.